48 வருடத்து அடி

2011 நவம்பரில், நான் வேலை செய்யும் ஹமில்டன் முதியோர் இல்லத்துச் சாப்பாட்டு அறையில், ஒரு காணொளியைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சிரித்தோம். வான்கூவரில் கனடிய ஃபுட்போல் பழைய வீரர்களின் விருந்து. 73 வயது ஜோ காப் மேடையில் பூவை நீட்டுகிறார். 74 வயது ஆஞ்சலோ மோஸ்கா கைத்தடியை ஓங்கி அடிக்கிறார். காப் திருப்பிக் குத்த, மோஸ்கா விழுகிறார். ஊர் வேலிச் சண்டையே தோற்றுப்போகும் என்று நானும் சிரித்தேன்.

பகை 1963இல் தொடங்கியது. கனடிய ஃபுட்போல் லீக்கின் கிரே கப் இறுதியாட்டத்தில், கோட்டருகே ஏற்கெனவே விழுந்துவிட்ட பிரிட்டிஷ் கொலம்பியா லயன்ஸ் வீரர் வில்லி ஃபிளெமிங் மேல் ஹமில்டனின் மோஸ்கா பாய்ந்தார். நடுவர் தண்டனை கொடுக்கவில்லை. ஃபிளெமிங் ஆட்டத்தை விட்டு வெளியேற, ஹமில்டன் 21-10 என்று வென்றது. காப் அன்று லயன்ஸின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தெறிபவர்.

மோஸ்கா 1958 முதல் 1972 வரை ஆடியவர். ஒன்பது கிரே கப் இறுதியாட்டங்கள், ஐந்து வெற்றிகள். ஆனாலும் ஊர் ஞாபகம் வைத்திருப்பது அந்த ஒரு பாய்ச்சலைத்தான். அவரும் அதை வைத்தே பிழைத்தார். மல்யுத்த மேடையில் ‘கிங் கொங் மோஸ்கா’ என்ற வில்லனாக.

மோஸ்கா செய்த லைன்மேன் வேலை என்னவென்று பந்தையே பார்க்கிற நமக்குத் தெரியாது. பந்துக்கு ஒரு யார் தள்ளி, கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்பார். பந்து அசைந்ததும், தன்னளவு பருமனான ஒருவரை முட்டித் தள்ளிக்கொண்டு பந்தெறிபவரைப் பிடிக்க ஓடவேண்டும். மோஸ்காவின் எடை ஏறக்குறைய 125 கிலோ. எழும்பி வந்து மறுபடி குனிந்தால், மறுபடி அதே முட்டல். அந்த முட்டல்களை யாரும் எண்ணுவதில்லை.

இளமையில் சின்னக் கழகமொன்றில் இதே இடத்தில் ஆடிய முதியவர் ஒருவருக்கு நான்தான் காலையில் சட்டை போட்டுவிடுகிறேன். இடது தோள் எழும்பாது. அதனால் இடது கையைத்தான் முதலில் நுழைக்கவேண்டும்; கழற்றும்போது அது கடைசி. அவசரத்தில் நான் மாற்றிச் செய்தால், பேச்சு மறந்துபோன அந்த மனிதரின் முகம் சுருங்கிவிடும்.

2015இல் மோஸ்கா தனக்கு அல்சைமர் நோய் என்று அறிவித்தார். அதே வருடம் ஹமில்டன் அணி, அவருடைய 68ஆம் இலக்கத்தை இனி எவருக்கும் கொடுப்பதில்லை என்று கௌரவித்தது. 2021இல், 84 வயதில் காலமானார். காப்புக்கும் அதே நோய். 2023இல் அவரும் போய்விட்டார். முட்டியதால்தான் வந்தது என்று சொல்ல நான் மருத்துவர் இல்லை. ஆனால் 2017இல், போட்டிக் காலத்தில் முழுக் கவசத்தோடு பயிற்சி செய்வதை லீக்கே நிறுத்தியது. அடி குறையவேண்டும் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

அப்படியானால் ஏற்கெனவே அடி வாங்கியவர்களுக்கு? இலக்கத்தைக் கௌரவித்தால் போதாது. மறதி நோயில் விழும் பழைய வீரரைப் பராமரிக்கும் செலவை, அவர் சாகும்வரை லீக் ஏற்கவேண்டும். அதற்காக நுழைவுச்சீட்டில் ஒரு டொலர் கூட்டட்டும், நான் கொடுக்கிறேன். அன்று சாப்பாட்டு அறையில் சிரித்த கடன் எனக்கு இருக்கிறது.