எந்த ரயர் நல்லது?

1990களில் பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் அருகியபோதும், 2022இல் எரிபொருள் நெருக்கடி நேர்ந்தபோதும், யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களின் போக்குவரத்தைப் பெரிதுந் தாங்கியது துவிச்சக்கர வண்டியே. அவ்வண்டியைத் தாங்குவது ரயர். ஆயினும் வண்டியின் நிறத்தையும் பெயரையும் நெடுநேரம் ஆராயும் நம்மவர், ரயரை மட்டும் கடைக்காரர் எடுத்துத் தந்தபடியே வாங்கிச் செல்கின்றனர்.

முதலிற் கவனிக்க வேண்டியது அளவு. பழைய பெரிய வண்டிகளுக்குரிய 28 × 1½ ரயரும், இக்காலப் பந்தயச் சைக்கிள்களுக்குரிய 700 சி ரயரும் 28 அங்குலம் என்றே பேசப்படுவதுண்டு. ஆனால் முன்னது பொருந்தும் விட்டம் 635 மில்லிமீற்றர். பின்னது பொருந்தும் விட்டம் 622 மில்லிமீற்றர். ஒன்றின் ரயர் மற்றதன் றிம்மிற் பொருந்தாது. ஆதலின் பழைய ரயரின் பக்கத்தில் 37-622 என்றாற்போலப் பொறித்திருக்கும் எண்களைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். முதலெண் அகலத்தையும் அடுத்த எண் விட்டத்தையும் குறிக்கும்.

அடுத்தது அகலம். ஒடுங்கிய ரயரே விரைந்தோடும் என்பது மாணவர் பலரின் எண்ணம். ஒரே வகை ரயரில், ஒரே காற்றழுத்தத்தில், அகன்றதே சற்று இலகுவாக உருளும். முன்னர் 23 மில்லிமீற்றர் ரயரில் ஓடிய ஐரோப்பியப் பந்தய வீரர்களும் இன்று 28 மில்லிமீற்றரை நாடிவிட்டனர். செப்பனிட்ட கண்டி வீதிக்கு ஒடுங்கிய ரயர் போதும். ஆனால் அவ்வீதியை அடையுமுன் நம் பிள்ளைகள் கடக்கும் ஒழுங்கைகளிற் சுண்ணக்கல்லும் நெருஞ்சி முள்ளும் கிடக்கின்றனவே! காற்றுக் குறைந்த ஒடுங்கிய ரயர் கல்விளிம்பில் மோதினால், ரியூப் நசுங்கி அருகருகே இரண்டு ஓட்டைகள் விழும். எனவே சட்டமும் பிறேக்கும் இடங்கொடுக்குமாயின் 32 முதல் 37 மில்லிமீற்றர் வரை அகலமுள்ளதை வாங்குங்கள். இல்லையேல், இடங்கொடுக்கும் அளவில் அகன்றதைத் தேர்ந்தெடுங்கள். ரயரிற் பொறித்த காற்றழுத்த எல்லையை மீறாதீர்கள்.

மூன்றாவது, புதிய ரயரை எந்தச் சக்கரத்திற் பூட்டுவது என்பது. பாரம் மிகுதியாக விழுவதாற் பின்ரயரே விரைவில் தேயும். தேய்ந்ததும் புதியதைப் பின்னே பூட்டி, முன்னே பழையதை விட்டுவிடுவது வழக்கம். பின்ரயர் வெடித்தால் வண்டி தள்ளாடும். காலூன்றித் தப்புதல் பெரும்பாலும் இயலும். முன்ரயர் வெடித்தாலோ வழுக்கினாலோ கைபிடி வசமிழந்து, ஓட்டுபவர் வீழ்வார். ஆகவே புதியதை முன்னே பூட்டுங்கள். முன்னிருந்தது பழுதற்றதாயின் அதனைப் பின்னுக்கு மாற்றுங்கள். நூல் வெளித்தெரிவதையும் பக்கங்களில் வெடிப்புக் கண்டதையும் எச்சக்கரத்திலும் வையாது கழித்துவிடுங்கள்.

பெற்றோர்களே, மாலை வகுப்பு முடிந்து, பேருந்துகளுக்கும் பாரவூர்திகளுக்கும் ஓரமாக இருட்டில் வரும் பிள்ளைக்கு வண்டியின் மினுக்கம் துணையாகாது. இன்று ஞாயிற்றுக்கிழமை, வண்டியும் வீட்டில் நிற்கும். பத்திரிகையை மடித்து வைத்ததும், முன்சக்கரத்தை ஒருமுறை மெல்லச் சுழற்றிப் பாருங்கள்.