பையன் விளையாடலீங்க!



வெள்ளகோவிலில் தறிக்குடோன் வைத்திருக்கும் வாசகர் ஒருவரின் கடிதம் போன மாதம் வந்தது. மகன் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. "ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் லேப்டாப்பும் கையுமா உக்காந்திருக்கறானுங்க. என்னடா பண்றேன்னு கேட்டா 'சேலஞ்ச்'ங்கறான். எட்டிப் பாத்தா ஸ்கோரு, ரேங்க்கு, மெடலுன்னு என்னென்னமோ வருது. காசு வெச்சு ஆடற கேமா இருக்குமோன்னு எங்கூட்ல பயப்படறாங்க. நீங்களாச்சும் சொல்லுங்க" என்று எழுதியிருந்தார்.

ஆன்லைன் ரம்மியில் குடும்பங்கள் பட்ட பாட்டைப் பார்த்த ஊரில் இந்தப் பயம் நியாயம்தான். ஆனால் உங்க பையன் விளையாடலீங்க, கணக்குப் போடறான். வீட்டில் சொல்லிவிடுங்கள்.

இதே கேள்வி வேறு பல வீடுகளிலும் இருக்கும் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். இப்படிச் 'சேலஞ்ச்' வைக்கும் இணையதளங்களில் ஒரு கணக்கு கொடுப்பார்கள். விடையைச் சொன்னால் போதாது. விடையைக் கண்டுபிடிக்கும் புரோகிராமை எழுதி அனுப்ப வேண்டும். அந்தப் பக்கம் இருக்கும் கம்ப்யூட்டர், தான் ஒளித்து வைத்திருக்கும் பல எண்களைக் கொடுத்து அதை ஓட்டிப் பார்க்கும். எல்லாவற்றுக்கும் சரியான விடை, குறித்த நேரத்துக்குள் வந்தால் பச்சை டிக். ஒன்று பிசகினாலும் சிவப்பு. பயிற்சிக் கணக்குகளில் பெரும்பாலானவை இலவசம்.

இந்த உலகத்தில் நம்மவர்களின் கை பெரியது. கோட்செஃப் என்ற தளம் 2009இல் இந்தியாவில் பிறந்தது. ஹேக்கர்ரேங்க் என்ற தளத்தைத் தொடங்கிய விவேக் ரவிசங்கரும் ஹரி கருணாநிதியும் திருச்சி என்.ஐ.டி.யில் படித்தவர்கள். நம் ஊர் நெடுஞ்சாலையில் பஸ் ஏறி, கரூர் தாண்டிப் போனால் வருகிற அதே திருச்சிதான். 2009இல் இன்டர்வியூஸ்ட்ரீட் என்ற பெயரில், மாணவர்களுக்கு மாதிரி நேர்முகத் தேர்வு நடத்திக் கொடுக்கும் தொழிலாக ஹேக்கர்ரேங்க்கை ஆரம்பித்தார்கள். அது சரியாக ஓடவில்லை. பிறகு, வேலை தேடுபவரின் பயோடேட்டாவைப் பார்ப்பதைவிட அவருக்கு ஒரு கணக்கைக் கொடுத்துப் பார்ப்பது மேல் என்ற பக்கம் திரும்பினார்கள். புது நிறுவனங்களுக்குக் கைகொடுக்கும் அமெரிக்காவின் ஒய் காம்பினேட்டர் 2011இல் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. அங்கே போன முதல் இந்திய நிறுவனம் அதுதான். இன்றைக்குக் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் கம்பெனிகள் பலவும் முதல் ரவுண்டை இப்படிப்பட்ட தளங்களில்தான் வைக்கின்றன. பையன் ராத்திரி கண் விழிப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, அப்படி என்னதான் கணக்கு? ஒன்றைப் பார்த்துவிடுவோம். இங்கிலாந்தைச் சேர்ந்த காலின் ஹியூஸ் 2001இல் தொடங்கிய புராஜெக்ட் ஆய்லர் என்ற தளத்தின் முதல் கணக்கு இது: 1000க்குக் கீழே 3ஆலோ 5ஆலோ வகுபடும் எண்களை எல்லாம் கூட்டினால் எவ்வளவு?

புதிதாக எழுதுகிற பிள்ளை என்ன செய்யும்? மூன்றின் மடங்குகளைக் கூட்டும், 166833 வரும். ஐந்தின் மடங்குகளைக் கூட்டும், 99500 வரும். இரண்டையும் சேர்த்து 266333 என்று தெம்பாக அனுப்பும். சிவப்பு விழும். எங்கே தப்பு? 15, 30, 45 எல்லாம் இரண்டு பட்டியலிலும் புகுந்துவிட்டன. 15இன் மடங்குகளின் கூட்டுத்தொகை 33165. அதை ஒருமுறை கழித்தால் 233168. இப்போது பச்சை.

இதே கணக்கை ஹேக்கர்ரேங்க்கிலும் வைத்திருக்கிறார்கள், ஒரு குறும்போடு. அங்கே 1000க்குப் பதில் 100 கோடி வரை எந்த எண்ணும் வரலாம். அப்படி ஒரு லட்சம் கேள்விகள் வரை ஒரே மூச்சில் கேட்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எண்ணிப் பார்க்கும் புரோகிராமை இதில் ஓட்டினால், வினாடிக்குப் பத்துக் கோடி எண்களைப் பார்க்கும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், பதினொரு நாளுக்கு மேல் ஆகும். தளம் கொடுக்கும் நேரமோ சில வினாடிகள். 'டைம் அவுட்' என்று வரும்.

வழி எங்கே இருக்கிறது தெரியுமா? நம் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில், 'எண்களும் தொடர்வரிசைகளும்' பாடத்தில். 1000க்குக் கீழே மூன்றின் மடங்குகள் 333. 1 முதல் 333 வரை கூட்ட 333 முறை கூட்ட வேண்டியதில்லை. 333ஐ 334ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் போதும். அதை மூன்றால் பெருக்கினால் மூன்றின் மடங்குகள் முடிந்தன. 1000 ஆனாலும் 100 கோடி ஆனாலும் வேலை ஒன்றுதான். பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறந்த சூத்திரம், பதினொரு நாள் வேலையைக் கண் மூடித் திறப்பதற்குள் முடிக்கிறது. இதைப் பார்த்த பிள்ளைக்குக் கணக்கு டீச்சர்மேல் புது மரியாதை வரும்.

அப்புறமும் சிவப்பு விழலாம். ஜாவா, சி போன்ற கம்ப்யூட்டர் மொழிகளில், முழு எண்ணுக்கான சாதாரண 'இன்ட்' வகையில் விடையை வைத்தால், அதில் சுமார் 214 கோடி வரைதான் கொள்ளும். 100 கோடிக்கு வரும் விடையோ 18 இலக்க எண். வழிந்துபோய், சம்பந்தமில்லாத எண் வந்து நிற்கும். பைத்தான் மொழியில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் வகுக்கும்போது இரண்டு சாய்கோடு போட வேண்டிய இடத்தில் ஒன்று போட்டுவிட்டால் விடை தசம எண்ணாகிவிடும். தசம எண்ணில் பதினைந்து, பதினாறு இலக்கம்தான் நிச்சயம்; கடைசி இலக்கங்கள் கலங்கிவிடும். ஆயிரத்துக்குச் சரி, லட்சத்துக்குச் சரி, 100 கோடிக்கு மட்டும் தப்பு. எத்தனையோ பேர் இந்த ஒரு சாய்கோட்டில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள்.

இவ்வளவு விவரமாக எழுதக் காரணம் இருக்கிறது. அந்தத் தளம் இதில் எதையும் சொல்லாது. 'தப்பு' என்றோ 'டைம் அவுட்' என்றோ மட்டும் சொல்லும். ஊடை நூல் அறுந்தால் தறி நின்றுவிடும், ஏன் அறுந்தது என்று தறி சொல்லுமா? தறிக்காரர்தான் பார்க்க வேண்டும், நாடாவிலா, நூலிலா, வேறு எங்கேயா என்று. இங்கேயும் அப்படித்தான். எந்த எண்ணைக் கொடுத்தால் என் புரோகிராம் உடையும் என்று தானே யோசித்து, பூஜ்யத்தைக் கொடுத்து, ஒன்றைக் கொடுத்து, மிகப் பெரியதைக் கொடுத்து உடைத்துப் பார்க்கிற பழக்கம் அந்தச் சிவப்பில்தான் வருகிறது. பச்சை டிக் விழுந்த பிறகு யாரும் புதிதாக எதையும் கற்பதில்லை, இன்னொருவர் அதே கணக்கை எப்படிப் போட்டார் என்று படித்துப் பார்த்தால் ஒழிய.

அதனால்தான் '500 கணக்கு முடிச்சிட்டேன்' என்று யாராவது சொன்னால் எனக்கு அவ்வளவாகப் புல்லரிப்பதில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் விடை சுற்றுகிறது. ஏ.ஐ.யிடம் கேட்டால் டீ ஆறுவதற்குள் முழு புரோகிராமையும் எழுதிக் கொடுத்துவிடும். அப்படி வாங்கிய பச்சை டிக்கில் பையனுக்கு என்ன மிஞ்சும்? நேரில் உட்கார வைத்து, "இந்த வரி எதுக்குப்பா?" என்று கேட்டால் முழிப்பான். ஏ.ஐ. கூடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. முட்டி மோதிப் போட்டு முடித்த பிறகு, "இதைவிட நல்ல வழி உண்டா?" என்று அதனிடம் கேட்கலாம். முதலில் கேட்பதுதான் கெடுதல்.

இன்னொன்று. கையில் தாளும் பேனாவும் இருக்கட்டும். பெரிய போட்டிகளிலும் அதுதான் கைகொடுக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கான புரோகிராமிங் போட்டியான சர்வதேச இன்ஃபர்மேடிக்ஸ் ஒலிம்பியாட் 1989இல் பல்கேரியாவில் தொடங்கியது. அதற்கு இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் பணியில் சென்னை மேதமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட்டின் மாதவன் முகுந்த் போன்ற பேராசிரியர்கள் நீண்ட காலம் இருந்திருக்கிறார்கள். அந்தத் தேர்வின் முதல் கட்டம் பல ஆண்டுகள் தாளில் எழுதும் பரீட்சையாகவே நடந்தது. ஒரு வரி கோடிங் தெரியாத பிள்ளையும் எழுத முடிந்தது. கல்லூரி மாணவர்களுக்கான ஐ.சி.பி.சி. புரோகிராமிங் போட்டியில் மூன்று பேர் கொண்ட அணிக்கு ஐந்து மணி நேரம், ஒரே ஒரு கம்ப்யூட்டர். ஒருவர் தட்டிக்கொண்டிருக்கும்போது மற்ற இருவருக்கும் தாள்தான் கதி. நம் பக்கத்தில் எட்டிமடை அமிர்தா வளாகத்திலும் இந்தப் போட்டியின் சுற்றுகள் நடந்திருக்கின்றன. புரோகிராமிங் கற்றுக்கொள்ள, மாதவன் முகுந்தின் பைத்தான் பாடம் என்.பி.டி.இ.எல். என்ற இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டும் முன் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்விகள் ஆங்கிலத்தில், சில சமயம் பெரிய கதையாக இருக்கும். தமிழ் மீடியம் பிள்ளைகள் அதைக் கண்டு மலைக்க வேண்டாம். கதையை விட்டுவிட்டு முதலில் கீழே போங்கள். எந்த எண் எவ்வளவு பெரிதாக வரலாம் என்று அங்கே போட்டிருப்பார்கள். பாதி விடை அந்த வரியிலேயே இருக்கிறது: ஆயிரம் என்றால் எண்ணிப் பார்க்கலாம், 100 கோடி என்றால் சூத்திரம் தேட வேண்டும்.

கடிதம் எழுதிய அன்பருக்கு ஒரு யோசனை. சேலஞ்ச் மட்டுமே போட்டால் பையன் சேலஞ்ச் போடுவதில்தான் கெட்டிக்காரன் ஆவான். அங்கே கேள்வி தெளிவாக இருக்கும், விடை ஒன்றே ஒன்று இருக்கும். தொழிலில் அப்படியா? உங்கள் குடோனில் நூல் எவ்வளவு வந்தது, எவ்வளவு துணியாகப் போனது, தறி ஓட்டுபவர்களுக்கு வாரக் கூலி எவ்வளவு என்ற கணக்கை ஒரு புரோகிராமாக எழுதித் தரச் சொல்லுங்கள். நடுவில் மூன்று முறை மாற்றச் சொல்லுங்கள். அவன் சலித்துக்கொள்வான். பிற்பாடு கம்பெனியில் வாடிக்கையாளரும் அதையேதான் செய்யப் போகிறார். ஆனால் பன்னிரண்டு மணி வரை விழிக்க வேண்டாம் என்பதில் நான் உங்கள் கட்சி. தூக்கக் கலக்கத்தில் சாய்கோடு கண்ணுக்குத் தெரியாது.

வாசகர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கோடு முடிக்கிறேன். 1000க்குக் கீழே 3, 5, 7 ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றாலாவது வகுபடும் எண்களின் கூட்டுத்தொகை என்ன? 105ஐக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். பைத்தானில் போட்டாலும் சரி, ரஃப் நோட்டில் போட்டாலும் சரி. விடை தப்பாக வந்தவர்களும், எங்கே பிசகியது என்று இரண்டு வரி சேர்த்து அனுப்புங்கள். அடுத்த இதழில் முதலில் அவற்றைத்தான் போடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்