பச்சைப் பொதியில் ஒரு மல்லன்

கொடகவெலக் கடைத்தெருவில் பச்சைப் பொதியில் விற்கும் மைலோவை அறியாத மாணவர் இல்லை. அப்பெயரின் பிறப்பை அறிந்தவர் எத்தனை பேர்?

மைலோ ஒரு மனிதனின் பெயர். கி.மு. 6ஆம் நூற்றாண்டில், தென் இத்தாலியின் கிரேக்கக் குடியேற்றமாகிய குரோட்டன் நகரில் வாழ்ந்த மல்லன் அவன். ஒலிம்பிக் மற்போரில் 6 முறை வாகை சூடியவன். இளங்கன்றொன்றை நாள்தோறும் தோளில் சுமந்து, அது காளையாக வளர வளரத் தானும் வலிமையுற்றான் என்பது மரபுக் கதை. 1934இல் அவுஸ்திரேலியாவில், நெஸ்லே நிறுவனத்தின் தோமஸ் மேன் உருவாக்கிய மோல்ட் மாவுக்கு இம்மல்லனின் பெயர் சூட்டப்பட்டது.

பெயர் வைத்தவர்கள் கதையின் பாதியையே எடுத்துக்கொண்டனர். நாளொன்றுக்கு 20 இறாத்தல் இறைச்சியும் அவ்வளவு ரொட்டியும் அவன் உண்டான் என்று பழைய நூலோர் எழுதினர். மிகைதான், ஆயினும் அம்மிகையினுள் ஓர் உண்மை உண்டு. சுமையோடு உணவும் வளர்ந்தால்தான் உடல் வளரும்.

நமது தோட்டங்களில் நடப்பதென்ன? விடியலில் இறப்பர் மரத்தைச் சீவிப் பால் சேர்ப்பவளின் பிள்ளை, வெறுந்தேநீர் பருகிப் பள்ளிக்கு வருகிறது. கொழுந்தின் நிறை ஏற வேண்டும் என்கிறார்கள். தட்டிலுள்ள சோறு ஏற வேண்டும் என்பார் இல்லை. 1000 ரூபா நாட்சம்பளம் கூட, பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021இல்தான் வர்த்தமானியில் ஏறியது. கன்று காளையாயிற்று, சுமப்பவரோ மெலிந்தார்!

வலிமையைப் பொதியில் வாங்கலாம் என்று விளம்பரம் பேசுகிறது. அவுஸ்திரேலியாவில் அந்த மாவின் பொதி 5க்கு 4.5 நட்சத்திரம் தாங்கி நின்றது. கொழுப்பு நீக்கிய பாலில் கலந்து கணக்கிட்ட மதிப்பு அது. வெறும் மாவுக்கோ 1.5தான். கண்டனம் எழவே 2018இல் நட்சத்திரத்தை நிறுவனம் நீக்கிக்கொண்டது. பாலின் பெருமையை மாவு சூடிக்கொண்ட கதை இது. பாலே கிட்டாத லயத்துப் பிள்ளைக்கு அம்மாவு என்ன தரும்?

பிள்ளையின் நாவுக்கு இனிப்பு கூடாதென்று நாம் சொல்லவில்லை. இனிப்பை ஊட்டமென்று விற்பதையே எதிர்க்கிறோம். நாம் கேட்பவை எளியவை: பள்ளியில் ஒரு குவளைப் பால், ஒரு முட்டை, ஓடியாட ஒரு மைதானம், பெற்றோருக்கு வயிறார உண்ணப் போதுமான சம்பளம்.

கொடகவெல முதல் கேகாலை வரையுள்ள ஆசிரியத் தோழர்களே! மைலோவின் கதையை வகுப்பறையில் சொல்லுங்கள். ஆனால் முழுமையாகச் சொல்லுங்கள். சுமப்பவனுக்கு உணவு உரிமை என்பதே அக்கதையின் பொருள்.