பிளேட்டுக்குப் பின்னால் ஒரு லாரித் தண்ணீர்

புதிதாகக் கட்டப்படும் அடுக்குமாடி வீடுகளின் கழிப்பறையில் தண்ணீர்த் தொட்டி இப்போது கண்ணில் படுவதில்லை. சுவரில் இரண்டு பொத்தான் கொண்ட ஒரு பிளேட், அதற்குக் கீழே கோப்பை, அவ்வளவுதான். பிளம்பர்கள் 'கன்சீல்டு டேங்க்' என்று சொல்லும் இந்த ஏற்பாடு பார்க்க லட்சணமாக இருக்கிறது, கழுவ எளிது, இடமும் மிச்சம். அது ஒழுக ஆரம்பிக்கும்போதுதான் வில்லங்கம். மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்தால் பக்கத்து வீட்டுக்காரர் குரல் கொடுப்பார். சுவருக்குள் இருக்கும் தொட்டியோ, கோப்பையின் பின்பக்கத்தில் மெல்லிய படலமாகத் தண்ணீரை இறக்கிக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த பிறகும், 'டைல்ஸை உடைக்கணுமாமே' என்ற பயத்தில் தள்ளிப்போடுவார்கள். இதற்கு வீட்டுக்காரரின் அலட்சியத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கட்டிக்கொடுத்தவரும், தண்ணீர்ச் செலவைச் சதுர அடிக் கணக்கில் பங்குபோடும் குடியிருப்போர் சங்கமும் இதில் பொறுப்பாளிகள்.

ஒழுகல் எவ்வளவு பெரியது? கழிப்பறை ஒன்று ஒழுகினால் நாளொன்றுக்கு சுமார் 200 காலன், அதாவது 750 லிட்டர் வரை வீணாகலாம் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. நம் நாட்டில் நகர்ப்புறக் குடிநீர்த் திட்டங்கள் ஆளுக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுகின்றன. நான்கு பேர் குடும்பத்துக்கு 540 லிட்டர். குடும்பமே குளித்து, சமைத்து, துவைக்கும் தண்ணீரைவிட அதிகமாக ஒரே தொட்டி சத்தமில்லாமல் சாக்கடைக்கு அனுப்ப முடியும். 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஒன்று 16 நாளில் காலி. எல்லாத் தொட்டியும் இப்படி ஒழுகாது என்பது உண்மைதான். கால்வாசி ஒழுகினாலும் இரண்டு மாதத்துக்கு ஒரு லாரி ஆகிறது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, பழைய மகாபலிபுரம் சாலை முழுக்க லாரிக்குக் காத்துக்கிடந்ததைப் பார்த்த சென்னைக்கு இது அற்பக் கணக்கு அல்ல.

ஆனால், இதைச் சரிசெய்யும் வேலை அப்படியொன்றும் பெரிதல்ல. சுவரை உடைக்கத் தேவையில்லை என்பதற்காகவே அந்தப் பிளேட்டின் பின்னால் ஒரு திறப்பு விடப்பட்டிருக்கிறது. பெரும்பாலான பிளேட்டுகளை மேல்நோக்கித் தள்ளினாலே கழன்றுவிடும்; சிலவற்றில் திருகாணி இருக்கும். உள்ளே கைக்கெட்டும் இடத்தில் தண்ணீரை நிறுத்தும் சிறு வால்வு இருக்கும். வழிந்துபோவதற்கான குழாயின் விளிம்பைத் தாண்டித் தண்ணீர் போய்க்கொண்டிருந்தால், பழுது தொட்டியை நிரப்பும் வால்வில். மட்டம் விளிம்புக்குக் கீழே நின்றும் கோப்பைக்குள் கசிந்தால், பழுது அடியில் இருக்கும் ரப்பர் வாஷரில். போர் தண்ணீரின் உப்பு அந்த வாஷரிலும் அது உட்காரும் இடத்திலும் வெள்ளையாகப் படிந்து, ஒரு மயிரிழை இடைவெளி விழுந்திருக்கும். வினிகரில் ஊறவைத்துத் துடைத்தாலே சில சமயம் தீர்ந்துவிடும். இல்லையென்றால் வாஷரை மாற்ற வேண்டும். (கறை போகட்டும் என்று தொட்டிக்குள் ஆசிட் ஊற்றுவது, ரப்பரை நாமே கொல்வதற்குச் சமம்.)

பழுது சின்னது, பயம்தான் பெரிது என்றால் தொட்டியைப் பழையபடி வெளியே வைத்துவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். அதனால் ஒழுகல் சீக்கிரம் தெரியவரும், நின்றுவிடாது. இன்று வெளியே தொங்கும் பிளாஸ்டிக் தொட்டிக்குள்ளும் பெரும்பாலும் இதே வாஷர்தான். பிரிட்டன் இதில் நல்ல பாடம். அங்கே 2001 வரை சைஃபன் வகைத் தொட்டிதான் கட்டாயம். தண்ணீர் ஒரு வளைவின் மேல் ஏறித்தான் கீழே இறங்க வேண்டும் என்பதால், சைஃபனில் எது தேய்ந்தாலும் கோப்பைக்குள் ஒழுகாது. தண்ணீர் கொட்டாது, அவ்வளவே. நம்மூர்ப் பழைய கட்டடங்களில் சங்கிலியை இழுத்தால் பெரும் ஓசையோடு கொட்டிய இரும்புத் தொட்டியும் அந்தச் சாதிதான். பிறகு அங்கே வால்வு வகைக்கு அனுமதி தந்தார்கள்; தண்ணீரை மிச்சப்படுத்த இரட்டைப் பொத்தான் பரவியது. கடைசியில், கழிப்பறைகளிலிருந்து நாளொன்றுக்கு 40 கோடி லிட்டர் ஒழுகுகிறது என்று 'வாட்டர்வைஸ்' அமைப்பு மதிப்பிட்டது. சிக்கனத்துக்காக வந்த கருவி, பராமரிப்பு இல்லாததால் விரயத்துக்கு வழிசெய்தது. ஆகவே எந்தத் தொட்டி என்பதைவிட, அதை யார், எப்போது திறந்து பார்க்கிறார்கள் என்பதே முக்கியம்.

முதல் பொறுப்பு கட்டுநருடையது. வீட்டை ஒப்படைக்கும்போது சாவியையும் பத்திரத்தையும் தருகிறார்கள். சுவருக்குள் எந்த நிறுவனத்தின் எந்த மாடல் தொட்டி இருக்கிறது என்பதை எழுதித் தருவோர் குறைவு. மாடல் தெரியாவிட்டால் சரியான வாஷர் கிடைக்காது. கிடைத்ததைத் திணித்துவிட்டுப் போகும் பிளம்பரைக் குறை சொல்லவும் முடியாது. பிளேட்டைக் கழற்ற முடியாதபடி டைல்ஸை நெருக்கி ஒட்டிவிடுவது இதைவிட மோசம். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் வேலைப்பாட்டுக் குறையை 30 நாளுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்யச் சொல்கிறது. தேய்ந்த வாஷருக்கு இது பொருந்தாது என்று கட்டுநர்கள் வாதாடலாம், அதில் நியாயமும் உண்டு. திறக்க முடியாத திறப்பு தேய்மானம் அல்லவே. அது வேலைப்பாட்டுக் குறையேதான்.

அடுத்தது சங்கம். யார் எவ்வளவு செலவழித்தாலும் எல்லாருக்கும் ஒரே கணக்கு என்றால், ஒழுகும் வீட்டுக்காரருக்கு அவசரமே இருக்காது. அவருடைய தண்ணீருக்குக் குடியிருப்பு முழுவதும் பணம் கட்டுகிறது. வீட்டுக்கு வீடு மீட்டர் வைப்பதே இதற்கு நேர்வழி. பழைய கட்டடங்களில் ஒவ்வொரு குளியலறைக்கும் மேலிருந்து தனிக்குழாய் இறங்குவதால் ஒரு வீட்டுக்கே மூன்று நான்கு மீட்டர் தேவைப்படும், செலவு கட்டுப்படியாகாது என்ற ஆட்சேபம் சரியானது. அங்கெல்லாம் ஆண்டுக்கு இருமுறை சங்கத்தின் செலவில் ஒரு பிளம்பரை வீடுவீடாக அனுப்புவது மலிவு. அடுத்தவர் கழிப்பறைக்குள் சங்கம் நுழைவதா என்று கோபப்படுகிறவர்கள் தாங்களே பார்த்துச் சொல்லட்டும்: இரவு கடைசியாக யாரோ பயன்படுத்திய பிறகு கோப்பையின் பின்சுவரைத் துடைத்துவிட்டு, ஒரு துண்டு டிஷ்யூ காகிதத்தை ஒட்டி வைத்தால் போதும். காலையில் யாரும் பொத்தானைத் தொடுவதற்கு முன் அது நனைந்திருந்தால் பிளம்பருக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.