ஒரு பாப்-அப் பெட்டிக்கு 8 ஆண்டு காத்திருப்பு: வெப் டெவலப்பர்களுக்கு ஏன் இந்தக் கடுப்பு?

‘நிச்சயமாக நீக்கவா?’ என்று இணையதளத்தில் எட்டிப் பார்க்குமே, அந்தச் சின்னப் பெட்டி. ‘இதுல என்ன பெரிய வேலை?’ என்றுதான் தோன்றும். ஆனால், வெப் டெவலப்பர்களைப் பல ஆண்டுகள் படுத்தி எடுத்த சமாச்சாரம் இது.

இதற்கென்றே ஹெச்டிஎம்எல்-லில் ‘டயலாக்’ என்ற டேக் இருக்கிறது. குரோமில் அது 2014-லேயே வந்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸிலும் சஃபாரியிலும் வந்தது 2022 மார்ச்சில்தான்.

அதுவரை என்ன செய்தார்கள்?

ஒரே பிரவுசரை நம்பித் தளம் கட்ட முடியாது. ஐபோனில் குரோம் வைத்திருந்தாலும் பயனில்லை. அங்கே அதுவும் ஆப்பிளின் வெப்கிட் எஞ்சினில்தான் ஓடியது. அதனால் பலரும் ஜாவாஸ்கிரிப்ட் எழுதி, சொந்தமாகவே பெட்டி செய்தார்கள்.

சிக்கல் எங்கே?

எஸ்கேப் கீயை அழுத்தினால் பெட்டி மூட வேண்டும். டேப் கீ பின்னாலுள்ள பக்கத்துக்கு ஓடிவிடக் கூடாது. பெட்டி திறந்ததை ஸ்கிரீன் ரீடர் சொல்ல வேண்டும். டெட்லைன் அவசரத்தில் கடைசியாகச் சொன்னது விட்டுப்போனால், பார்வையற்றவருக்குப் பெட்டி வந்ததே தெரியாது. பணம் கட்டும் பக்கம் என்றால், அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

இப்போது?

ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா இணைந்த ‘இன்டெராப் 2022’ திட்டத்தில் டயலாக்கும் இடம்பிடித்தது. இன்று இந்த வேலைகளில் பெரும்பகுதியை பிரவுசரே பார்த்துக்கொள்கிறது.

அடுத்த காத்திருப்பு டிராப்-டவுன் பட்டியலுக்கு. அதை விருப்பம்போல வடிவமைக்கும் வசதி 2025-ல் குரோமில் வந்தது. ஆனால், முதல் பிரவுசர் தரும் தேதியை வைத்து டெவலப்பர் வேலையைத் தொடங்க முடியாது. கடைசி பிரவுசர் தரும் தேதிதான் கணக்கு.