ஒலியொப்புமை உறவாகுமோ?

சைவ நன்மக்காள்! எருமப்பட்டியில் எம் இல்லத்திற்கு அன்பரொருவர் அண்மையில் ஒரு சிறு வெளியீடு கொணர்ந்தார். யூதர், நெருங்கிய சுற்றத்தார் இறந்தவழி ஏழுநாள் இல்லிலிருந்து காக்கும் துக்கத்தைச் 'சிவா' என்றலானும், பசிபிக்குக் கடலிலுள்ள சமோவாத் தீவினர் கூத்தினைச் 'சிவா' என்றலானும், அவ்விரு மக்களும் பண்டு சிவபிரானையே வழிபட்டனர் என்பது அதன் துணிபு. "நம் சமயத்திற்கு இதனினும் பெருமை வேறுண்டோ?" என்று அவர் மகிழ்ந்தார். யாம் மகிழ்ந்திலேம்.

பரபக்கம் இது, இதனை ஆராய்வாம். எபிரேய மொழியில் அச்சொற்குப் பொருள் ஏழு என்பதே. அதன் இனமொழியாகிய அரபியிலும் ஏழென்னும் எண் 'சப்ஆ' என வழங்கும். நாட்கணக்கே துக்கத்திற்குப் பெயராயிற்று. சமோவாச் சொல்லுக்கு உறவாவது தோங்காத் தீவில் பாட்டினைக் குறிக்கும் 'ஹிவா' என்பது. வடமொழிச் 'சிவ' என்பதோ, மங்கலம், அருள் எனப் பொருள்பட்டு, இருக்கு வேதத்தில் உருத்திரனுக்கும் பிற தேவர்க்கும் அடைமொழியாய் வருவது. இவை மூன்றும் குடி வேறு, பிறப்பு வேறு.

இனி, நம் தமிழ்ச் 'சிவ' என்னும் வினையடியையும் நோக்குக. எம் பக்கத்து மாட்டுச் சந்தைகளில் செந்நிறக் காளையைச் செவலை என்பர். கன்னடத்தார் சிவப்பினைக் 'கெம்பு' என்பர். செவியினைக் 'கிவி' என்பர். பண்டைக் ககரமே தமிழில் சகரமாயிற்றென்பது இவற்றாற் பெறப்படும். ஆகவே, வடசொல்லோடு இன்று காணும் ஒலியொப்புமை பின்னர் நேர்ந்ததென்க. செந்நிறத்தான் என்பதே திருப்பெயர்க்கு மூலம் என்பார் அறிஞருள்ளும் உளர். அதனை நிறுவ வேறு சான்று வேண்டும். ஒலியொன்றே ஏதுவாயின், அஃது ஏதுப்போலியாம். சொற்கள் அவ்வப்பொருள் பெற்ற காரணம் எளிதிற் புலனாகாதென ஆசிரியர் தொல்காப்பியனார் உரியியலுள் உரைத்தமையும் மறத்தற்பாலதன்று.

"பிழையேயாயினும் பத்தி வளருமன்றோ?" எனின், வளராது. இதனை நம்பிப் பிறர் அவையில் உரைத்து நாணுறும் மாணவன், நாளை ஐந்தெழுத்தின் உண்மையையும் ஐயுறுவான். அன்றியும், பிறர் இழவு வீட்டின் துயரை நம் பெருமைக்குச் சான்றாக்குதல் அன்பு நெறியாமோ?

எவ்வுயிர்க்கும் பதி ஒருவனே என்பது நம் சித்தாந்தம். யூதர்க்கும் சமோவர்க்கும் இறைவனாதற்கு, அவர்தம் அகராதியில் அவன் பெயரை நாம் தேடித் தரவேண்டுவதில்லை.