வரித்துறைக்காக ஒரு ஆல்பம்!

ரெய்டு, சீல், ஏலம்... சினிமா பிரபலங்கள் பற்றிய செய்திகளில் நாம் அடிக்கடி பார்க்கும் வார்த்தைகள்தான். 1990 நவம்பரில் இந்த மூன்றும் சேர்ந்து அமெரிக்காவின் கன்ட்ரி மியூசிக் பாடகர் வில்லி நெல்சனைத் தேடி வந்தன. வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்து வரி பாக்கி 1 கோடியே 67 லட்சம் டாலர்! டெக்சஸில் இருந்த பண்ணை, ஸ்டுடியோ, இசைக்கருவிகள் என எல்லாவற்றையும் அதிகாரிகள் முடக்கினார்கள். ஒரு பழைய கிட்டார் மட்டும் சிக்கவில்லை. மகள் லானா மூலம் அது முன்னதாகவே ஸ்டுடியோவை விட்டுக் கிளம்பிவிட்டது.

வீடு போனாலும் பரவாயில்லை, கிட்டார் போகக் கூடாது என்று ஒரு மனிதர் ஏன் நினைக்க வேண்டும்?

வில்லி 1933-ல் டெக்சஸின் அபாட் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் போய்விட, வளர்த்தது தாத்தாவும் பாட்டியும்தான். வீடு வீடாகப் போய் என்சைக்ளோபீடியா விற்றார், வாக்குவம் கிளீனர் விற்றார், ரேடியோவில் பேசினார். குடும்பத்தை ஓட்ட முடியாதபோது சொந்தப் பாட்டையும் விற்றார். 'ஃபேமிலி பைபிள்' 50 டாலருக்குப் போனது. பின்னாளில் பலரும் பாடிய 'நைட் லைஃப்' 150 டாலருக்கு!

1961-ல் அவர் எழுதிய 'க்ரேஸி'யை பேட்ஸி க்ளைன் பாட, பெரிய ஹிட். ஆனால், வில்லியே பாடினால் நாஷ்வில் கம்பெனிகளுக்குப் பிடிக்கவில்லை. தாளத்துக்கு முன்னே பின்னே நழுவிப் பாடும் பாணி அவருடையது. ஊர் திரும்பியவர், 1975-ல் 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' ஆல்பத்தைக் கொடுத்தார். 'இது டெமோதானே?' என்று கம்பெனி சந்தேகப்பட்டது. அதுதான் அவரை நட்சத்திரம் ஆக்கியது.

அதில் ஒலிப்பது அந்த கிட்டார்தான். பெயர் ட்ரிகர். நடிகர் ராய் ரோஜர்ஸின் குதிரைப் பெயர் அது. 1969-ல், நேரில் பார்க்காமலேயே 750 டாலருக்கு வாங்கியது. நைலான் தந்தி பூட்டிய கிளாசிக்கல் கிட்டார். விரலால் மீட்ட வேண்டியது. வில்லி பிக் வைத்து வாசிக்க, மரம் தேய்ந்து ஓட்டையே விழுந்துவிட்டது. மறுவருஷம் வீடு தீப்பிடித்தபோதும் உள்ளே ஓடி எடுத்து வந்தது இதைத்தான்.

வரி விவகாரத்துக்கு வருவோம். ஆலோசகர்களை நம்பிப் போட்ட முதலீடுகளை வரித்துறை ஏற்காததால் வந்த வினை அது. 'திவால் நோட்டீஸ் கொடுத்துவிடுங்கள்' என்றார்கள். வில்லி மறுத்துவிட்டார். ட்ரிகரை மடியில் வைத்துக்கொண்டு, பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் தன் பழைய பாடல்களைப் பாடி, 1991-ல் ஒரு ஆல்பமாக விற்பனைக்கு விட்டார். வருமானம் வரிக் கடனுக்கு. 'என் நினைவுகளை யார் வாங்குவார்கள்?' என்ற அர்த்தத்தில் தலைப்பு. கூடவே வரித்துறையின் பெயரையும் அதில் சேர்த்திருந்தார். குசும்பு!

ஏலத்துக்கு வந்த பொருள்களை நண்பர்களும் ரசிகர்களும் வாங்கி அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். 1985-ல் கடனில் தவித்த அமெரிக்க விவசாயிகளுக்காக 'ஃபார்ம் எய்ட்' கச்சேரியைத் தொடங்கியவர்களில் வில்லியும் ஒருவர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

1993-ல் கணக்கு முடிந்தது. வில்லிக்கு அப்போது 60 வயது. 90-ஐத் தாண்டிய பிறகும் மேடை ஏறினார். கையில் அதே ட்ரிகர், அதே ஓட்டையோடு.